பருப்பு வேகிற தண்ணீர்

முள்ளேந்தலில் தண்ணீருக்காக வெட்டிய கிணற்றில் மோர் ஊறியபோது, அதை முதலில் குடித்துப் பார்த்தவன் பூமயிலின் புருஷன் முத்திருளாண்டிதான். கடைசிக் கூடைச் சரளையை மேலே அனுப்பிவிட்டுக் குனிந்தவன், பாதத்தைச் சுற்றி வெள்ளையாக ஏதோ கசிவதைப் பார்த்து, சுண்ணாம்புப் பாறையோ என்று ஒரு விரலால் தொட்டு நக்கி, பிறகு இரண்டு கையாலும் அள்ளிக் குடித்து, மேலே சுற்றி நின்ற ஊர் மொத்தத்தையும் அண்ணாந்து பார்த்து, "உப்பு அளவாத்தான் இருக்கு. கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டா நல்லாருக்கும்" என்று சொன்னான்.

வேறு ஊராக இருந்தால் தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தியிருப்பார்கள், இல்லாவிட்டால் பயந்துபோய் மண்ணைத் தள்ளி மூடியிருப்பார்கள். முள்ளேந்தல் இரண்டையும் செய்யவில்லை. ராமநாதபுரம் சீமையில், மழை வழி தவறிக்கூட வராத ஒரு மூலையில், சீமைக்கருவேல முள்ளுக்கும் மிளகாய்க் கொல்லைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த அந்த ஊருக்குக் கிணறு வெட்டி ஏமாந்த பழக்கம் நிறைய உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வெட்டியதில் உப்புத் தண்ணீர் வந்தது. ஐயனார் கோயில் பக்கம் வெட்டியதில் வந்தது வாயில் வைக்க முடியாமல் கசந்தது. கிழக்கே வெட்டியதில் செம்பு நிறத்தில் என்னவோ வந்து, குடித்த ஆடுகளின் பல்லெல்லாம் காவியேறிப் போனது. அதற்கு அடுத்ததில் ஒன்றுமே வராமல் வெறும் சூட்டுக்காற்று வந்தது, அதில் கொஞ்ச நாள் வற்றல் காயப்போட்டார்கள். அந்த வரிசையில் மோர் ஒன்றும் மோசமில்லை. இதுவரைக்கும் வந்ததில் இதுதான் தேவலை என்று ஊராட்சித் தலைவர் கோட்டைச்சாமி சொன்னார், ஊரும் ஆமாம் என்றது, ஆளுக்கொரு செம்பை எடுத்துவர எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

பூமயில் மட்டும் போகவில்லை. அவள் கிணற்றோரம் நின்று எட்டிப் பார்த்து, "அது சரி, தண்ணி எங்க?" என்று கேட்டாள்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. பூமயில் பிறந்தது வைகைக் கரையில், ஆற்று மணலில் கையை விட்டுத் துழாவினாலே தண்ணீர் வருகிற ஊரில். முள்ளேந்தலுக்கு வாக்கப்பட்டு வந்த அன்று, வலது காலை எடுத்து வைத்து உள்ளே நுழைந்தவளின் கையில் மாமியார் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்தாள். அது அந்த ஊர் வழக்கம், புதுப்பெண் எவளுக்கும் சொந்தமாக ஒரு சிரட்டை கொடுத்துவிடுவார்கள், மழமழவென்று தேய்த்து, கை வழுக்காமல் விளிம்பு தட்டி. ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தவளை மறுநாள் காலையில் கண்மாய்க்குக் கூட்டிப்போனார்கள். காய்ந்து வெடித்த கண்மாய்க்குள் இடுப்பளவு குழிகள், குழிக்கு ஒருத்தி, குழியின் அடியில் மண் வியர்க்கிற மாதிரி கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும், வழித்தது ஊறும்வரை காத்திருக்க வேண்டும், மறுபடி வழிக்க வேண்டும், காலையில் உட்கார்ந்தால் குடம் நிறைய உச்சி வெயிலாகிவிடும். அப்படிக் கொண்டுவந்த தண்ணீரும் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். அதில் அவள் முதல்முதலாக வைத்த பருப்பு விறகெல்லாம் எரிந்து தீர்ந்த பிறகும் கல்லாகக் கிடந்தது. இந்த ஊர்ப் பருப்புக்கு அம்புட்டுத்தான் வேக்காடு என்று மாமியார் சொன்னாள், ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடுவதுதான் வழக்கம் என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரிகள், முத்திருளாண்டி அந்தப் பருப்பைக் கடக்கு முடக்கென்று கடித்துத் தின்றுவிட்டு, "இதுவே போதும் புள்ள" என்றான்.

அதுதான் அவன் வார்த்தை. நல்ல மனுஷன், கை நீட்ட மாட்டான், குடிக்க மாட்டான், எதைக் கொடுத்தாலும் இதுவே போதும் என்பான். பூமயிலுக்கு அவன்மேல் உயிர். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாள் என்றால் அடுப்பில் இருக்கிற கரண்டியை எடுத்து அவன் தலையில் ஒரு போடு போடலாமா என்று தோன்றும். இந்த வீட்டில் என்றைக்காவது பருப்பு கரைய வேகவேண்டும், அது மட்டும் நடந்துவிட்டால் போதும் என்று அவள் அன்றைக்கு நினைத்துக்கொண்டாள், அதிலிருந்து ஊரில் எந்தக் கிணறு வெட்டினாலும் கூடையோடு முதல் ஆளாகப் போய் நின்றாள், ஒவ்வொரு கிணறும் ஏமாற்றியபோது மற்றவர்கள் இனி வேண்டாம் என்றார்கள், அவள் அடுத்தது எங்கே என்று கேட்டாள். இந்த மோர்க்கிணறு வந்ததே அவள் கோட்டைச்சாமி வீட்டு வாசலில் போய்ப் போய் நின்றதால்தான்.

மோர் வந்தது மாசி மாதம். பங்குனிக்குள் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. காலையில் கிழக்குத் தெருவுக்கு முறை, மாலையில் மேலத் தெருவுக்கு முறை என்று பிரித்துக்கொண்டார்கள். சோற்றில் ஊற்றினார்கள், கூழில் கரைத்தார்கள், தலையில் தேய்த்துக் குளித்தார்கள், சொட்டை விழுந்தவர்களுக்கு முடி முளைத்ததாக ஒரு பேச்சு கிளம்பி அடங்கியது. மாடு வைத்திருந்தவர்களுக்குத்தான் சங்கடம். தயிர் உறைபோட்டுக் கடைவது வெட்டி வேலையாகிவிட்டதால் மாடுகளைப் பார்க்கவே அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது, மாடுகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பால் கொடுத்தன. மிளகாய்ச் செடிக்கு மோரை ஊற்றினார்கள், செடி தளதளவென்று வளர்ந்தது, ஆனால் பறித்துக் காயவைத்தபோது அத்தனையும் உப்பும் புளிப்புமாக மோர்மிளகாயாகவே காய்ந்திருந்தது. அதையும் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. வெளியூரிலிருந்து வேன் பிடித்து ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள், பெண் கொடுக்க யோசித்த ஊர்களில் இருந்தெல்லாம் ஜாதகம் வந்தது, மோர் ஊரு மாப்பிள்ளை என்றால் ஒரு மதிப்பு ஏற்பட்டது. எத்தனையோ வருஷம் ஏமாந்த ஜனங்கள் கொஞ்சம் சிரித்த முகமாக நடமாடியதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சித்திரையில் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள். ஒருவர் கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி வரவில்லை. கேட்டதற்கு, உங்கள் ஊரில்தான் குடிக்க மோரே ஊறுகிறதே, தண்ணீர் இல்லாத ஊர் எத்தனை இருக்கிறது என்றார்கள். அதுவும் நியாயம்தானே என்று கோட்டைச்சாமி ஊருக்கு எடுத்துச் சொன்னார். ஊரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டது. துணியை மோரில் அலசினார்கள், கட்டிய சேலையைச் சுற்றி ஈ மொய்த்தது, அதற்கு ஒரு கையை வீசிக்கொண்டே நடக்கப் பழகினார்கள். பூமயில் மட்டும் தினமும் சிரட்டையை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். தனியாகக் குழிக்குள் இறங்கி, வழித்து வழித்து, உச்சிவெயிலில் அரைக்குடத்தோடு வந்தாள். பைத்தியக்காரி என்று யாரும் சொல்லவில்லை. பாவம் என்றார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வைகாசியில் மகள் வினோதாவுக்கு வளைகாப்பு. வினோதாவை ஆற்றுப் பாசனத்து ஊரில், கதவைத் திறந்தால் வாய்க்கால் ஓடுகிற வீட்டில்தான் கொடுத்திருந்தாள் பூமயில். பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில், அது யாரும் மாற்றாத முறை. வளையல் அடுக்கி, சோறு கட்டி, மகளைக் கையோடு கூட்டிவரும் நினைப்பில் வாடகைக் கார் பிடித்துப் புருஷனோடு போயிருந்தவளை, மாப்பிள்ளையின் தாயார் தனபாக்கியம் அடுக்களைக்குள் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, நீங்க தப்பா நினைக்கக் கூடாது. அனுப்ப எனக்கு மனசில்லாம இல்ல. ஆனா பச்சப்புள்ளைய மோர்ல குளிப்பாட்டி நான் எங்கயும் பார்த்ததில்ல."

சொன்னவள் கெட்டவள் இல்லை. கண் கலங்கித்தான் சொன்னாள். பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், நீங்களும் வந்து கூட இருங்கள், நமக்குள் என்ன வித்தியாசம் என்றும் சொன்னாள். அடுக்களைக்கு வெளியே நின்ற வினோதா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு கை நிறைய அடுக்கியிருந்த வளையல் லேசாகச் சத்தம் போட்டது. பெற்றவள் வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு குடம் தண்ணீர் இல்லை என்று சம்பந்தி வாயாலேயே சொல்லியாகிவிட்டது. அவள் தனபாக்கியத்தின் கையை விடாமல், "ஆடி கழியட்டும் மதினி. தண்ணி வச்சுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

திரும்பி வரும்போது முத்திருளாண்டி, அங்கேயே பெறட்டுமே புள்ள, வாய்க்கால் தண்ணி, குளுகுளுன்னு வீடு, இதுவே போதுமே என்றான். பூமயில் காரின் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனி பிறந்ததும் கிணற்றில் ஒரு கோளாறு ஆரம்பித்தது. மோர் நீர்த்துப்போனது. முதலில் சின்னப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள், டம்ளரில் ஊற்றினால் அடியில் பொறித்திருக்கிற பூ தெரிகிறது என்று. பிறகு கூழ் கரைத்தவர்கள் சொன்னார்கள், பிறகு எல்லோரும் சொன்னார்கள். வேனில் வந்த வெளியூர்க்காரர் ஒருவர் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது ஊருக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. யாரோ பொறாமைக்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று பேச்சு கிளம்பியது. பால்காரர்களையே சந்தேகப்பட்டுப் பழகிய ஜனங்கள், கிணற்றையும் அப்படித்தான் பார்த்தார்கள். பகலில் இரண்டு பேர், இரவில் இரண்டு பேர் என்று தடியோடு காவல் போட்டார் கோட்டைச்சாமி. கலக்கிற அளவுக்கு இந்த ஊரில் எவனிடமாவது தண்ணீர் இருந்தால் அவன் காலில் நான் விழுவேன் என்று பூமயில் தெருவில் நின்று சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை.

காவல் போட்டும் மோர் தேறவில்லை. உள்ளே இறங்கிப் பார்க்கச் சொல்லி முத்திருளாண்டியை அனுப்பினார்கள், அவன்தான் கயிற்றில் லாகவமாக இறங்குவான். இறங்கினவன் கொஞ்ச நேரம் அங்கே தட்டி இங்கே தட்டிவிட்டு, ஒரு கூடைக் களிமண் கேட்டான், அதை வாங்கி எங்கோ வைத்து அடித்துவிட்டு ஏறி வந்துவிட்டான். மறுநாள் மோர் பழையபடி கெட்டியாக இருந்தது. ஊர் அவனுக்குத் துண்டு போர்த்தியது.

துண்டோடு வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னான். வடக்குச் சுவரில் ஒரு ஊற்றுக்கண் திறந்திருந்ததாம், அதிலிருந்து நூல் பிடித்த மாதிரி ஏதோ ஓடிக்கொண்டிருந்ததாம், நாக்கில் வைத்துப் பார்த்தானாம், ஒன்றுக்கும் உதவாததாம், களிமண்ணை வைத்துக் குத்தி அடைத்துவிட்டானாம்.

பூமயில் கரண்டியைக் கீழே வைத்தாள். "நாக்குல வச்சியளே, எப்படி இருந்துச்சு?"

"சப்புன்னு இருந்துச்சு."

"சப்புன்னா?"

அவன் யோசித்தான். "என்னத்தச் சொல்ல புள்ள. உப்பும் இல்ல, கசப்பும் இல்ல, புளிப்பும் இல்ல. ருசின்னு ஒண்ணுமே இல்ல. வாயில வச்சா வச்ச மாதிரியே தெரியல."

பூமயில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள்ளேந்தலில் பிறந்து, சவரும் உப்பும் லாரித் தொட்டியின் துருவும் குடித்தே வளர்ந்து, விருந்தாடியாகப் போகிற ஊரிலும் கலர் சோடா கேட்டுக் குடிக்கிற மனுஷன், நல்ல தண்ணீரை நாக்கில் வைத்திருக்கிறான், அது நல்ல தண்ணீர் என்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அவள் தேடிய ஒன்றை அவள் கட்டிக்கொண்டவனே கண்டுபிடித்து, அவனே களிமண் வைத்து அடைத்து, அதற்கு ஊர் போர்த்திய துண்டோடு வந்து உட்கார்ந்து சோறு தின்கிறான். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நிற்காமல் அழுகையாகிவிட்டது, என்ன ஏதென்று பதறியவனிடம் சொல்லி முடித்தபோது அவன் கையில் உருட்டிய சோறு அப்படியே இருந்தது.

"மோர்னா அதுல தண்ணி இருக்கணும்லங்க" என்றாள் அவள். "தண்ணி ஊத்தாம எவ மோர் கரைச்சா? எனக்கே இது மாசி மாசம் உறைக்கலையே."

அன்று சாயங்காலம் சாவடியில் கூட்டம். பூமயில் எழுந்து நின்று, அடைத்த கண்ணைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டாள். கோட்டைச்சாமி கோபப்படவில்லை, பொறுமையாகவே பேசினார். கிணறு வந்தபிறகு ஊரில் இத்தனை பிள்ளைகளுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது, மறுபடி மோர் நீர்த்துப்போனால் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டார். இருப்பதைக் கெடுத்துக்கொண்டு இல்லாததைத் தேட வேண்டுமா, அந்தக் கண்ணில் வந்தது நாலு நாளில் வற்றிப்போனால் மோரும் இல்லை தண்ணீரும் இல்லை என்று ஆகிவிடாதா என்று கேட்டார். ஏமாந்து ஏமாந்து கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட ஜனங்கள், அவர்களுக்கு அவர் பேச்சு சரியாகப் பட்டது.

பூமயில் சொன்னாள்: "மோர்ல தண்ணி கலந்துருச்சுன்னு காவல் போட்டீக. அந்தத் தண்ணி எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கலையே அண்ணே."

அப்படியும் கண்ணைத் திறக்க யாரும் சம்மதிக்கவில்லை. என் கொல்லையில் நான் வெட்டிக்கொள்கிறேன், அதைத் தடுக்க மாட்டீர்களே என்றாள். கிணற்றுக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில்தான் அவளுடைய மிளகாய்க் கொல்லை. அதைத் தடுக்க வழியில்லை என்று கோட்டைச்சாமி ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காய்த்து நின்ற செடிகளைப் பிடுங்கிப்போட்டு வட்டம் கீறினாள். பக்கத்து ஊரிலிருந்து கிணறு வெட்டுகிற வில்லாயுதமும் அவன் ஆட்களும் வந்தார்கள். மேல்மண் போயிற்று, கரிசல் போயிற்று, சரளை வந்தது, சரளைக்குக் கீழே ஈரம் தட்டியது. வில்லாயுதம் ஒரு பிடி ஈரமண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, உப்பு தாயி என்றான். இன்னும் வெட்டச் சொன்னாள். அதற்குக் கீழே களி, களிக்குக் கீழே கருங்கல். கடப்பாறை பட்ட இடமெல்லாம் தீப்பொறி பறந்தது. வேறு ஊரில் ஒப்புக்கொண்ட வேலை இருக்கிறது என்று வில்லாயுதம் மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான், போகும்போது ஒரு கடப்பாறையை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்தது. ஊரில் தினமும் யாராவது ஒருத்தர் கொல்லைப் பக்கம் வந்து, குழியை எட்டிப் பார்த்து, நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்றார்கள். எல்லாருக்கும் எல்லாம் அமைஞ்சுருமா என்றார்கள். வினோதா போனில் கூப்பிட்டு, இங்கேயே இருந்துக்கிறேம்மா, நீ கஷ்டப்படாதே என்றாள், அப்படிச் சொன்ன குரல் எப்படி இருந்தது என்று பெற்றவளுக்குத் தெரியாதா. பூமயில் காலையில் கண்மாய்க்குப் போய்ச் சிரட்டையால் வழித்துக்கொண்டு வந்து, கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு, குழிக்குள் இறங்கிக் கல்லை உடைத்தாள். கோபத்தில் உடைத்தாள், பாட்டுப் பாடிக்கொண்டு உடைத்தாள், சில நேரம் கல்லைத் திட்டிக்கொண்டே உடைத்தாள். வராது என்று மட்டும் அவள் ஒரு நாளும் நினைக்கவில்லை. இருப்பது அவளுக்குத் தெரியும், அவள் புருஷன் அதை வாயில் வைத்துப் பார்த்திருக்கிறான், அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்.

முத்திருளாண்டி கொஞ்ச நாள் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு காலையில், போர்த்திய துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து, அவள் கையிலிருந்து கடப்பாறையை வாங்கினான். நான் அடைச்சதுதானே, நானே தோண்டுறேன், நீ மேல ஏறு என்றான். அவள் மேலே நின்று கூடை இழுத்தாள். அவனுக்குக் கல் உடைக்கிற பக்குவம் இருந்தது, அடியின் சத்தத்தை வைத்தே எங்கே மெலிவு என்று கண்டுபிடிப்பான். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட ஏறி வராமல் உடைத்தான். கூடை இழுக்கத் தனியாகத் திணறுகிறாள் என்று பார்த்துவிட்டுக் கிழக்குத் தெருவிலிருந்து நாலைந்து பெண்கள் வந்து கயிற்றைப் பிடித்தார்கள், தண்ணீர் வரும் என்று நம்பி வரவில்லை, பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாமல் வந்தார்கள்.

ஆடி முடிய இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கல் ஒன்று பிளந்து உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் வேறு மாதிரி கேட்டது. மேலே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிளந்த இடத்திலிருந்து ஏதோ பொங்கி முத்திருளாண்டியின் கணுக்காலை நனைத்தது, பிறகு முழங்காலுக்கு வந்தது. களிமண் வைத்து அவன் அடைத்த அந்தக் கண், போக வழியில்லாமல் தண்ணீரை இத்தனை நாளாகப் பின்னாலேயே தேக்கி வைத்திருந்தது. அடைத்தவன் கையே அதை இங்கே திறந்துவிட்டது.

முத்திருளாண்டி குனிந்து இரண்டு கையாலும் அள்ளினான். வாயில் வைத்தான். விழுங்கினான். மறுபடி அள்ளினான். பிறகு அண்ணாந்து பூமயிலைப் பார்த்தான், அவன் முகமெல்லாம் கல்தூசி, கண் மட்டும் தெரிந்தது.

"சப்புன்னு இருக்கு புள்ள" என்றான். மறுபடி ஒரு கை அள்ளிக் குடித்தான். "ருசியே இல்ல. ஒண்ணுமே இல்ல."

பூமயில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கயிறு பிடித்த பெண்கள், மறுபடி ஏமாந்தாளே பாவி என்று அவளைத் தாங்கப் போனார்கள். அவள் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் குழப்பத்தோடு ஒரு செம்பு இறைத்துக் குடித்துப் பார்த்தார்கள், குடித்துவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

பூமயில் முதல் குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பை மூட்டி, துவரம்பருப்பைக் களைந்து போட்டாள். ஆப்பசோடா டப்பாவை எடுத்துக் கூரையில் செருகினாள். பாதி ஊர் வாசலில் நின்றது, கோட்டைச்சாமியும் பின்னால் வந்து நின்றார். கொதி வந்தது, நுரை வந்தது, மூடியைத் திறந்து கரண்டியால் ஒரு சுழற்று சுழற்றினாள், பருப்பு வெண்ணெயாகக் கரைந்து வந்தது. கோட்டைச்சாமி கையில் ஒரு கரண்டி வாங்கித் தின்றார். வெறும் பருப்புதான், உப்புக்கூடப் போடவில்லை. இத்தனை வருஷம் நாம் தின்றது என்ன என்று பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகக் கேட்டார், பிறகு குடத்தை எடுத்துவர வீட்டுக்குப் போனார்.

மோர்க்கிணறு ஒன்றும் ஆகிவிடவில்லை. அது பாட்டுக்கு ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது சோறு தின்று முடித்தபிறகு அதில் ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்கிறார்கள், மோர் என்பது மோராக மட்டும் இருப்பதில் அதற்கும் சந்தோஷம்தான் போலிருக்கிறது, முன்பைவிட ருசியாக இருக்கிறது என்று சொல்கிறார்கள். மாடுகளும் பழையபடி நேராகப் பார்க்க ஆரம்பித்துவிட்டன.

ஆவணி பிறந்ததும் பூமயில் காரில் போய் வினோதாவைக் கூட்டிவந்தாள். தனபாக்கியமும் கூடவே வந்தாள். வந்தவள் சோறு உண்டு, பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்து, தண்ணீரை ஒரு செம்பு குடித்து, இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தாள், மருமகளை விட்டுவிட்டுத் தனியாக ஊருக்குப் போனாள். ஆவணி பாதியில் பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, குளிப்பாட்டத் தண்ணீர் காய வேண்டும், விறகு ஈரமாக இருந்து புகைந்தது. பூமயில் எழுந்து போய், கண்மாய்க் குழியில் வழித்து வழித்து விளிம்பு தேய்ந்து காகிதமாகிப் போயிருந்த தன் சிரட்டையை எடுத்துவந்து அடுப்பில் போட்டாள்.

முத்திருளாண்டிக்குத் திடுக்கென்றது. "ஏ புள்ள, என்னைக்காச்சும் தேவைப்பட்டா?"

"தேவைப்படாது" என்றாள்.

சிரட்டை குப்பென்று பிடித்து நீலமாக எரிந்தது. தண்ணீர் வெதுவெதுப்பானதும் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு ஊற்றினாள். பிள்ளை ஊரைக் கூட்டியது. வழிந்த தண்ணீர் அவள் பாதத்தைத் தாண்டி, கல்லைத் தாண்டி, முருங்கை மரத்து அடிக்குப் போய், அங்கேயும் நிற்காமல் தெருவுக்கு ஓடியது, அதைச் சிரட்டையால் வழிக்க யாரும் குனியவில்லை. வினோதா வாசற்படியில் சாய்ந்துகொண்டு அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் காலியானது. முத்திருளாண்டி பழக்கதோஷத்தில் துண்டை நீட்டி, "போதும் புள்ள, இதுவே போதும்" என்றான்.

பூமயில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போதாது" என்றாள். "இன்னொரு குடம் கொண்டாங்க."

அவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.